திரையில் தெரிந்த சலவைக்கடை

மார்ச் 4, செவ்வாய்

எழுந்ததும் முதல் வேலையாக வேனின் பின்கதவைத் திறந்து உள்ளே தவழ்ந்தேன். பல் விளக்கவில்லை, காபி போடவில்லை. நேற்று சாயங்காலம் முழுக்கக் கெஞ்சியும் வராத கேமராப் படம், தூங்கி எழுந்து மனம் மாறியிருக்குமோ என்று ஒரு நப்பாசை. மாறவில்லை. ரிவர்ஸ் கியர் போட்டதும் முன்னால் ஒட்டியிருக்கும் உள்ளங்கை அகலத் திரை நீலமாகிறது. ஒரு கணம் எங்கள் சந்து தெரிகிறது. குளிர் ஜுரம் வந்தவன்போல் நடுங்குகிறது. மறுபடி நீலம்.

சாவியைத் திருப்பவும் கியரைத் தள்ளவும் பக்கத்து இருக்கையிலிருந்தே கை நீட்டப் பழகிவிட்டேன். ஓட்டுகிறவர் இருக்கையில் நான் உட்காருவதில்லை. அது அவருடைய இடம். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இத்தனை வருடத்தில் அதற்குத் தேவையும் வரவில்லை.

அவர் கழுத்துப் பட்டையோடு வாசலில் நாற்காலி போட்டு மேற்பார்வை. குனியக்கூடாது, கழுத்தைத் திருப்பக்கூடாது. ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் கழித்து, போன வாரம்தான் டாக்டர் வண்டி ஓட்டலாம் என்று அனுமதித்தார், ஆனால் திரும்பிப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாமாம். டாக்டர் வீட்டுச் சந்து எப்படியோ, எங்கள் சந்து ஒரு பக்கம் அடைத்தது. வேனைத் திருப்ப இடமில்லை. வெளியே போவதென்றால் முனையிலிருக்கும் சலவைக்கடை வரை பின்னாலேயே போகவேண்டும். வேனுக்குப் பின்கண்ணாடியும் கிடையாது. உள்ளே முழுக்கத் தையல் இயந்திரங்களும் உதிரி பாகங்களும் அடுக்குகிற தட்டுகள். இருபது வருடமாக ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, கழுத்தை முறுக்கிப் பின்னால் போய்ப் பழகியவர். அந்தக் கழுத்து இனி முறுக்காது.

ஆகவே பின்பக்கத்தைக் காட்டும் கேமரா. அது வேலை செய்தால் அவர் பழையபடி வீடு வீடாகப் போய் இயந்திரம் பழுது பார்ப்பார். செய்யாவிட்டால்? தையல் இயந்திரத்தைத் தோளில் சுமந்துகொண்டு பஸ் ஏற முடியாது. வாடிக்கையாளர்கள் போன் செய்யும்போதெல்லாம் "அடுத்த வாரம் வந்துடறேன்" என்கிறார். எத்தனை அடுத்த வாரம்.

மார்ச் 5, புதன்

வேலையில் மனம் ஓடவில்லை. முன்னால் ஏழாம் வகுப்புப் புவியியல் மெய்ப்பு, கையில் பிழை திருத்தும் பென்சில், மண்டைக்குள் வயர். படம் வரவே இல்லையென்றால் வயர் அறுந்திருக்கிறது எனலாம். வந்து வந்து போகிறதே. மின்சாரம் போய்ச் சேர்கிறது, ஆனால் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை?

சாயங்காலம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மெய்ப்பும் அப்படித்தான் பார்ப்பேன். முதல் முறை எழுத்து, அடுத்த முறை எண், அப்புறம் தலைப்பு. முதலில் திரைக்குப் போகும் நீள வயரை இழுத்து ஆட்டினேன், மாற்றமில்லை. ரிவர்ஸ் லைட்டிலிருந்து எடுத்த சிவப்பு வயரைக் கழற்றி மாட்டினேன், மாற்றமில்லை. மிச்சமிருந்தது கறுப்பு எர்த் வயர். அதை வேனின் உடம்போடு ஒரு திருகாணியில் இறுக்கியிருந்தேன். அவிழ்த்து, நுனியைக் கதவுக் கீலின் பளபளப்பான இரும்பில் சும்மா வைத்துப் பார்த்தேன்.

படம். அசையாமல், தெளிவாக, முனை வரை.

நான் திருகாணியை இறுக்கிய இடத்தில் இரும்பின்மேல் பெயின்ட். அவ்வளவுதான் விஷயம். உப்புத்தாளால் சுரண்டிக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து அவருடைய அக்கா, என் அண்ணி, எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, வேனுக்குப் பல் விளக்கிவிடுறியா? நேத்துக் காலையில உனக்கு விளக்கினியா?"

அண்ணிக்கு மாடியிலிருந்து எதுவும் தப்பாது.

படம் நின்றுவிட்டது. ஆனால் ஒரு குறை. சலவைக்கடைப் பலகை திரையில் தெரிகிறது, எழுத்தெல்லாம் இடம் வலம் மாறி. 'ச' முதுகைக் காட்டிக்கொண்டு கடைசியில் நிற்கிறது. அவரிடம் சொன்னேன். "படிக்கவா போறேன்" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

கேமராவோடு வந்த குறிப்புத்தாளை எடுத்துப் படித்தேன். யாரோ அவசரத்தில் மொழிபெயர்த்தது. பென்சிலால் திருத்திக்கொண்டே படித்ததில் விடை கிடைத்தது. கேமராவின் வாலில் ஒரு சின்னப் பச்சை வயர், வளையம்போல. அதை வெட்டினால் படம் திரும்பிக்கொள்ளும்.

வெட்டினேன். ஒரு நொடி வேலை. கியரைப் போட்டால், சலவைக்கடை எழுத்துகள் வரிசையாக, ஒழுங்காக, படிக்கும்படி. என்ன ஒரு நிம்மதி. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அட, நல்லா தெரியுதே" என்றார். கழுத்துப் பட்டைக்குள் ஒரு சிரிப்பு. சனிக்கிழமை எடுத்துப் பார்க்கிறாராம்.

எனக்கே என்னைப் பிடித்திருந்த நாள். எழுதி வைக்கிறேன்.

மார்ச் 8, சனி

இடித்துவிட்டார்.

பாதிச் சந்துகூடப் போகவில்லை. வலப்பக்கச் சுவரில் நேரே கொண்டுபோய் உரசினார். பின்விளக்கு நொறுங்கியது. அண்ணி மாடியிலிருந்து "வலது, வலது" என்று கத்திக்கொண்டிருந்தார். கேட்டும் நிறுத்தவில்லை. சுவரை விட்டு விலகாமல் இன்னும் அதன்மேலேயே போனார். அவ்வளவு வருடம் ஓட்டிய மனுஷன்.

இறங்கி, சிதறிய சிவப்புத் துண்டுகளைப் பார்த்தார். குனியப் போனார். "நான் எடுக்கிறேன்" என்றேன். உள்ளே போய்ப் படுத்துவிட்டார். சாப்பிட வரவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

வேனை விற்கப்போகிறாராம்.

காலையில் தன் பழைய கூட்டாளிக்குப் போன் போட்டுச் சொல்லியும்விட்டார். ஊருக்கு அந்தப் பக்கம் தையல் இயந்திரக் கடை வைத்திருப்பவர். அடுத்த ஞாயிறு வந்து பார்க்கிறாராம். ஒரு விளக்கு உடைந்ததற்கா விற்பது என்று கேட்டேன். சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"அக்கா வலதுன்னு கத்தினா. காதுல விழுந்துச்சு. ஆனா எனக்கு சுவர் இடது பக்கம்தான் நெருங்குது. எது வலது, எது இடதுன்னே தெரியல. அது போயிடுச்சு."

"எது போயிடுச்சு?"

"மண்டைக்குள்ள ஒண்ணு இருக்கும்ல. அது."

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் சொன்னது எங்கள் இரண்டு பேருக்கும் ஞாபகம் இருக்கிறது. நரம்புக்குப் பக்கத்தில் கை வைக்கிறோம், கைகால் கொஞ்ச நாள் சொன்ன பேச்சு கேட்காமல் போகலாம் என்று. அவர் அதைத்தான் இத்தனை நாளும் மென்றுகொண்டிருந்திருக்கிறார். நான் வயரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒண்ணும் ஆகாதுங்க, பயந்துட்டீங்க, அவ்வளவுதான்... இப்படி ஏதோ சொன்னேன். எனக்கே நம்பிக்கை இல்லாத குரலில்.

மார்ச் 10, திங்கள்

சாப்பிடும்போது அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டில் எதுவும் தவறவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

டாக்டரைப் பார்க்கும் நாள். டாக்சியில் போனோம். அவர் இருக்கையில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் ஓட்டுநரின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே போனேன். அதில் மருந்துக்கடை, வங்கி, பள்ளிக்கூடம் எல்லாப் பலகையும் பின்னால் ஓடின. எல்லா எழுத்தும் திரும்பித்தான் இருந்தது.

எனக்கு அது உறுத்தவில்லை. ஏன்? அதே திரும்பிய எழுத்து வேன் திரையில் பொறுக்கவில்லையே. கண்ணாடி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எங்கோ தெரியும். திரை என்றதும் அது டிவி, புத்தகம், படிக்கிற பொருள்.

பின்னால் ஒரு சிவப்பு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. கண்ணாடியில் அது வலது ஓரத்தில் தெரிந்தது. உடம்பைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எனக்குத்தான் கழுத்து திரும்புமே. லாரி என் இடது கைப்பக்கம் இருந்தது. மறுபடி முன்னால் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தேன். வலது. திரும்பினால் இடது. வலது. இடது.

"என்னம்மா, யாராவது துரத்துறாங்களா?" என்றார் ஓட்டுநர்.

இல்லை என்றேன்.

திரும்பிப் பார்க்கும்போது உடம்புக்குத் தான் திரும்பியிருப்பது தெரியும். இடமும் வலமும் குழம்பாது. ஆனால் ஒருவர் முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்க, படம் மட்டும் திரும்பிக்கொண்டால்?

டாக்டர் கைகளை அழுத்தி, முழங்காலைத் தட்டி, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். சனிக்கிழமை நடந்ததை டாக்டரிடம் இவர் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. வேறு ஒன்றைப் பார்க்கவேண்டியிருந்தது.

மார்ச் 12, புதன்

அரை நாள் விடுப்பு. அவர் மதியம் தூங்கியதும் அண்ணியை மெதுவாகக் கீழே கூப்பிட்டேன். வேனுக்குப் பின்னால், வலது ஓரம், ஆடாமல் நிற்கச் சொன்னேன். கையில் விளக்குமாற்றோடு வந்திருந்தார்.

"எதுக்கு விளக்குமாறு அண்ணி?"

"ரகசியமா கூப்பிட்டியே, பாம்போ என்னவோன்னு."

பிறகு நான் செய்ததை நானே எதிர்பார்க்கவில்லை. பக்கத்து இருக்கை போதாது, எல்லாம் கோணலாகத் தெரிகிறது. ஓட்டுகிறவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். முதன்முறை. இருக்கையில் அவருடைய உடம்பு அளவுக்குப் பள்ளம் இருக்கிறது. ஸ்டியரிங் எவ்வளவு பெரியது, எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது! சாவி. கியர்.

கழுத்தைத் திருப்பிப் பார்த்தால் வலப்பக்கக் கண்ணாடியில் அண்ணி. விளக்குமாற்றை வேல்போலப் பிடித்துக்கொண்டு.

திரையில் அண்ணி இடது ஓரம்.

சுவர் வலது. திரை இடது என்கிறது. இடதை விட்டு விலகவேண்டும் என்று அவர் ஸ்டியரிங்கை ஒடிக்கிறார். வேன் சுவர்மேலேயே போகிறது. அண்ணி வலது என்று கத்துகிறார். தன் கண்ணில் தெரிந்தபடி அவர் சரியாகத்தான் செய்திருக்கிறார். ஒரு சின்னத் தவறுகூட இல்லாமல்.

தவறு என்னுடையது. எழுத்து படிக்கும்படி இருக்கவேண்டுமென்று நான் வெட்டிய பச்சை வயர்.

குறிப்புத்தாளை மறுபடி எடுத்தேன். 'வன்டியின் முண்பக்கம் கேமரா வைப்போர் மட்டும் பச்சை வயரை வெட்டவும்.' அதில் 'வன்டி'யையும் 'முண்பக்க'த்தையும் திருத்தியிருக்கிறேன். பென்சில் அடையாளம் அழகாக இருக்கிறது. வாக்கியத்தைப் படிக்கத்தான் இல்லை.

சத்தமில்லாமல் வயரை ஒட்டிவிட்டால் என்ன? அவருக்குத் தெரியவே வேண்டாமே. ஒரு நிமிடம், இல்லை அதற்கும் கொஞ்சம் மேல், அப்படி நினைத்தேன். ஆனால் அப்புறம் அந்தச் சனிக்கிழமை அவர் மண்டைக்குள்ளேயே கிடக்கும். ஒவ்வொரு முறை ஸ்டியரிங்கைத் தொடும்போதும் எட்டிப் பார்க்கும்.

மார்ச் 13, வியாழன்

சொன்னேன். நம்பவில்லை.

"என்னைச் சமாதானப்படுத்தச் சொல்ற" என்றார். கோபம்கூட இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. சரி, வந்து உட்காருங்கள், வண்டி நகரவேண்டாம், வெறுமனே உட்காருங்கள் என்று கெஞ்சி ஏற்றினேன். அண்ணி நேற்று நின்ற இடத்திலேயே போய் நின்றார். இன்றைக்கும் விளக்குமாறு. அது இல்லாமல் தெளிவாகத் தெரியாது என்கிறார்.

நான் பின்னால் குந்தி, வெட்டிய இரண்டு நுனிகளையும் கையில் வைத்துக்கொண்டேன். கியர் போடச் சொன்னேன். திரையில் அக்கா எந்தப் பக்கம்?

"இடது."

"டேய், வலதுடா" என்றார் அண்ணி.

கியரை எடுக்கச் சொல்லி, நுனிகளைச் சேர்த்து முறுக்கினேன். மறுபடி போடுங்கள் என்றேன். முன்பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அக்கா, நீ இடம் மாறினியா?"

"நின்ன இடத்துல வேர் விட்டுடுச்சுடா எனக்கு. நகரவே இல்ல."

கியரை எடுத்தார், போட்டார். எடுத்தார், போட்டார். நான் நுனிகளைப் பிரித்தும் சேர்த்தும் காட்டினேன். கடைசியில் இறங்கிப் பின்னால் வந்து, என் கையிலிருந்த பச்சை வயரைப் பார்த்தார். தலைமுடி கனம்கூட இருக்காது அது.

"அப்ப என் மண்டைக்குள்ள ஒண்ணும் போகல."

"இல்ல."

"உன் மண்டையிலதான்."

சிரிக்க ஆரம்பித்தார். சிரித்தால் கழுத்து வலிக்கும். ஒரு கையால் பட்டையைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தார். நான் அழுதேன். அண்ணி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, இந்த இடத்தையாவது கூட்டிவிட்டுப் போகிறேன் என்று கூட்டத் தொடங்கினார்.

மார்ச் 14, வெள்ளி

வயரை அவரே பற்றவைத்தார். நான் கேமராவைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். ஈயம் உருகி ஒரு சின்ன மணியாக உட்கார்ந்தது. கை ஆடவில்லை. அதை நான் பார்த்தேன், நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

மார்ச் 15, சனி

படம் நன்றாக இருக்கிறது. அவர் ஏறவில்லை. நாளைக்குக் கூட்டாளி வருகிறார். வரவேண்டாம் என்று இவர் இன்னும் போன் செய்யவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் எந்தப் பக்கம் ஒடிப்பாரோ.

மார்ச் 16, ஞாயிறு

காலை எழுந்து சட்டை மாற்றிக்கொண்டார். கூட்டாளி இங்கே வந்து வீணாக ஏன் அலையவேண்டும், நானே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றார். என்ன சொல்லப்போகிறார் என்று சொல்லவில்லை. சாவியை எடுத்தார்.

நான் முனையில் போய் நிற்கட்டுமா என்றேன். வேண்டாம். அக்காவைக் கத்தாமல் இருக்கச் சொல்லு, அது போதும் என்றார். அண்ணி மாடியில் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றார்.

வேன் பின்னால் வந்தது. சனிக்கிழமை இடித்த இடத்துக்குச் சற்று முன்னால் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. சுவரில் அந்தச் சிவப்புக் கீறல் அப்படியே இருக்கிறது. எஞ்சின் ஓடுகிற சத்தம் மட்டும். இறங்கிவிடுவார் என்று நினைத்தேன். கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன், திறக்கிறதா என்று.

திறக்கவில்லை. மெதுவாக நகர்ந்தது. சுவருக்கும் வேனுக்கும் நடுவில் வெளிச்சம் விடாமல் தெரிந்தது, முனை வரை. சலவைக்கடைக்காரர் இஸ்திரியை நிமிர்த்தி வைத்துவிட்டு வெளியே வந்து பார்த்தார். வேன் ரோட்டில் ஏறித் திரும்பிப் போய்விட்டது.

மதியம் பசியோடு வந்தார். கூட்டாளி என்ன சொன்னார் என்று கேட்டேன். தன் கடையில் பழுதாகிக் கிடக்கிற இரண்டு இயந்திரத்தையும் பழுது பார்க்கச் சொல்லித் தூக்கி வேனில் வைத்துவிட்டாராம்.

மார்ச் 21, வெள்ளி

புதுப் பின்விளக்கு மாட்டினேன். எர்த் வயர் முதல் தடவையே சரியாக உட்கார்ந்தது. அண்ணி, "மெக்கானிக்கம்மா, மேல மிக்சியும் ஓடல" என்று குரல் கொடுத்தார்.

மார்ச் 30, ஞாயிறு

அவர் தினமும் போகிறார். கழுத்து இன்னும் பாதிதான் திரும்புகிறது. சாயங்காலம் வந்து பட்டையைக் கழற்றிவிட்டு, எந்தெந்த வீட்டில் என்னென்ன கோளாறு என்று சொல்கிறார். பழைய பேச்சு திரும்பிவிட்டது. எனக்கு ஒரு பெயரும் வந்திருக்கிறது. வாடிக்கையாளர்களிடமெல்லாம் கதையைச் சொல்லிவிட்டார். "பச்சை வயர்" என்றால் நான்தான்.

இன்னொன்று இங்கே மட்டும் எழுதுகிறேன். இந்த இரண்டு வாரமாக, அவர் குளிக்கப் போகும் நேரத்தில், சாவியை எடுத்துக்கொண்டு வேனில் ஏறி உட்காருகிறேன். பக்கத்து இருக்கையில் இல்லை. எதற்கு என்று முதல் நாள் கேட்டிருந்தால், படம் சரியாக இருக்கிறதா பார்க்கிறேன் என்றிருப்பேன். படம் சரியாகத்தான் இருக்கிறது. தினமும் பார்க்க வேண்டியதில்லை. அந்த இருக்கையிலிருந்து சந்து வேறு மாதிரி இருக்கிறது. இருபது வருடமாக நடந்து போன சந்துதான். இங்கிருந்து பார்த்தால் அது எங்கேயோ திறந்துகொண்டு போகிறது.

இன்று காலையும் கியரைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். முனையில் சலவைக்கடைப் பலகை, எல்லா எழுத்தும் முதுகைக் காட்டிக்கொண்டு. வலமிருந்து இடமாக ஒவ்வொன்றாகப் படித்தேன். பென்சில் தேடவில்லை. கிளட்சைக் கால் எட்டுகிறதா என்று பார்த்தேன். இருக்கையைக் கொஞ்சம் முன்னால் இழுத்தால் எட்டுகிறது. இறங்கும்போது மறக்காமல் பழைய இடத்துக்கே தள்ளி வைத்தேன்.

அலுவலகம் போகிற வழியில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை காலை வகுப்பில் பெண்களுக்கு இடம் உண்டாம், வெள்ளிக்கிழமை உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தேன். வருகிற சனிக்கிழமை சேரப்போகிறேன். அவரிடம் சொல்லவில்லை. அண்ணியிடம் சொன்னால் விளக்குமாற்றோடு பின்னால் வந்து நிற்பார்.

புவியியல் புத்தகம் அவசரம், சனிக்கிழமையும் வரச்சொல்லியிருக்கிறார்கள் என்று அவரிடம் சொல்வதாக இருக்கிறேன்.